பரீட்சை யாரை அளக்கிறது?

(இரவுப் பாடசாலை மாணவர்கள், இளைஞர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கவிதை வேண்டாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கிற பரீட்சையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் நம்மில் எத்தனை பேரை அந்த வாசலிலேயே கழித்துக் கட்டினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் ஐந்தாவது படித்தபோது ஆய்வுக்கு அதிகாரி வருவார். வாசிக்கச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். அதற்கு முதல் நாளே வாத்தியார் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைத் தனியாக நிறுத்தி, "நாளைக்கு நீங்க வர வேணாம்டா" என்பார். எங்களுக்கு ஒரே குஷி. கண்மாயில் விழுந்து கிடப்போம். அதிகாரி பள்ளிக்கு நல்ல பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஏழெட்டுப் பேருக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாது என்பது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர்களில் நானும் ஒருவன். எனக்கு எழுத்து வந்தது பிறகு, இதுமாதிரி ஒரு இரவுப் பாடசாலையில்.

இப்போது சொல்லுங்கள், அந்த ஆய்வு யாரை அளந்தது?

'தகுதி', 'திறமை' என்று நம் முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள், மார்க் என்பது மூளைக்குள் இருந்து வருகிறது என்று நம்பச் சொல்கிறார்கள். 2004-இல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வெளியிட்டது உலக வங்கி. உலக வங்கி நமக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஆனாலும் கேளுங்கள். உத்தரப் பிரதேச கிராமத்துப் பையன்கள், ஆறாவது ஏழாவது படிக்கிறவர்கள். சாதி இந்துப் பையன்களும் சமார் பையன்களும். கையில் ஒரு புதிர்ப் படம்; சிக்கலான பாதையில் வழி கண்டுபிடிக்க வேண்டும். போட்ட படத்துக்குத் தக்கபடி காசு. சாதியைச் சொல்லாமல் உட்கார வைத்தபோது இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு பையனின் பெயர், அப்பன் பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் வாசித்த பிறகு அதே புதிரைக் கொடுத்தார்கள். சமார் பையன்கள் போட்டது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது.

மூளை அதேதான், தாள் அதேதான். மாறியது சாதியை உரக்கப் படித்த அந்த ஒரு நிமிஷம். நம் வகுப்புகளில் "எஸ்.சி. எல்லாம் எழுந்திரு" என்று ஸ்காலர்ஷிப்புக்குக் கணக்கெடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அடுத்த பீரியடில்தான் கணக்குப் பரீட்சை.

இன்னொரு ஆய்வு, ஹன்னா, லிண்டன் என்ற இருவர் 2012-இல் வெளியிட்டது. பிள்ளைகள் எழுதிய விடைத்தாளின் மேலே ஏதோ ஒரு சாதியைக் குலுக்கல் முறையில் போட்டு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்ச்சாதி என்று போட்ட தாளுக்கு மார்க் கொஞ்சம் குறைந்தது. சிறிய அளவுதான், ஆனால் குறைந்தது. யார் குறைத்தார்கள் தெரியுமா? ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள். மேல்சாதி ஆசிரியர்களிடம் அந்தப் பாகுபாடு தென்படவில்லை. கசப்பாக இருக்கிறதல்லவா? இதை நம் பத்திரிகையில் நாம்தான் எழுத வேண்டும். பார்ப்பனியம் அக்ரகாரத்தில் மட்டும் குடியிருக்கவில்லை. சிவப்பு மை பிடித்த நம் கையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அளக்கிற கோல் இப்படி இருக்கும்போது அதை வைத்துப் பத்து வயதுப் பிள்ளையை வடிகட்டப் பார்த்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாவது வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்றது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தமிழக அரசு 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டது. எதிர்ப்பு எழுந்தது, 2020 பிப்ரவரி 4-இல் திரும்பப் பெற்றார்கள். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை எதிர்த்து நின்ற மண் இது. அதுவும் அடுத்த வருஷமே போனது. ஆனால் 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் 5, 8 வகுப்புகளில் நிறுத்திவைக்கலாம் என்று விதி செய்துவிட்டது. கத்தி உறைக்குள் போகவில்லை.

அப்படியானால் பரீட்சையே வேண்டாமா? அங்கேதான் நான் சில தோழர்களோடு மாறுபடுகிறேன்.

பேங்கில் என் கவுண்டருக்கு நூறு நாள் வேலைக் கூலி எடுக்க நம் பெண்கள் வருவார்கள். ஒரு அக்கா பாரத்தை நீட்டி, "எழுதிக் குடு தம்பி" என்றார். படிக்கவில்லையா என்று கேட்டேன். "எட்டாவது பாஸ். ஆனா வாசிக்க வராது" என்றார். வெட்கத்தோடு சொன்னார். வெட்கப்பட வேண்டியது அவரா? எட்டு வருஷம் வருகைப் பதிவு போட்ட பள்ளிக்கூடமா? எல்லாரும் பாஸ் என்பது நாம் கேட்டுப் பெற்ற பாதுகாப்பு. அதுவே, சொல்லிக்கொடுக்காததை மறைக்கிற போர்வையாகவும் ஆகிவிட்டது.

எங்கள் பேங்கில் கேஷ் குறைந்தால் கேஷியரைத்தான் கேட்பார்கள். பணம் கட்ட வந்த கிழவியை நிறுத்திவைக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் தலைகீழ்? 2021-இல் கொரோனாவுக்குப் பிறகு நம் மாநிலத்தில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் நவம்பர் 1-இல்தான் திறந்தன. தேசிய அடைவுத் தேர்வு நவம்பர் 12. ஒன்றரை வருஷம் போனும் இல்லாமல் பாடமும் இல்லாமல் கிடந்த சேரிப் பிள்ளைக்குப் பதினோரு நாளில் அளவுகோல்! அந்த எண் பிள்ளையைப் பற்றியதா, அரசைப் பற்றியதா?

ஆகவே நம் கோரிக்கை நேரானது. பரீட்சை இருக்கட்டும், அது பள்ளியையும் அரசையும் நிறுத்திக் கேட்கட்டும், பிள்ளையை நிறுத்த வேண்டாம். சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம். நம் அம்மாக்கள் அங்கே கையெழுத்துப் போடுவதோடு எழுந்து வந்துவிடுகிறார்கள். இனி நீங்கள் கூடப் போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள்: ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேருக்கு வாசிக்க வரும்? வராதவர்கள் எந்தத் தெரு? அவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

பதில் வருகிறவரை இந்த இரவுப் பாடசாலையில் விளக்கை அணைக்காதீர்கள். ஆய்வுக்கு அதிகாரி வருகிற நாளில் நம் தெருப் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைசீவி, முதல் ஆளாகக் கொண்டுபோய் முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.