மதுவிலக்கு ஈன்ற வரி



சமயாசாரத்தில் ஊறியவர்கள் அதிகாரபீடம் ஏறினால் பழமைக்குக் காவல் நிற்பார்களேயன்றிப் புதுமைக்கு வழிவிடமாட்டார்கள் என்பது படித்தவர்களிடையே வேரூன்றிய அபிப்பிராயம். 1937-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகப் பொறுப்பேற்ற ராஜாஜியின் ஆட்சி அந்த அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்றது.

இராமாயண பாரதங்களில் தோய்ந்த அவருக்கும், காந்தியடிகளைப் பின்பற்றிய அவருடைய கட்சியாருக்கும், மதுவிலக்கு என்பது நிர்வாகத் திட்டமன்று, விரதம். அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி சேலத்தில் தொடங்கிய அவ்விரதம், மறு ஆண்டே கடப்பைக்கும் சித்தூருக்கும் பரவியது. ஆந்திர எல்லைத் தகராறு பற்றிய படாஸ்கர் தீர்ப்பின் பயனாக 1960 ஏப்ரலில் சென்னை இராஜ்யத்தோடு இணையும்வரை இத்திருத்தணி சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தபடியால், சென்னைப் பட்டணம் மேலும் பத்தாண்டுகள் காத்திருந்து கண்டதை இவ்வூர் 1938-லேயே கண்டுவிட்டது.

விரதம் நல்லதுதான், ஆனால் நிலத்தீர்வையோடு சேர்ந்து கஜானாவைத் தாங்கி நின்ற கலால் வருமானம் போனால், பள்ளிக்கூடத்துக்கும் பாலத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? வர்த்தகர்களின் கூக்குரலைப் பொருட்படுத்தாமல், சரக்கு கைமாறுந்தோறும் சொற்ப வீதத்தில் வசூலாகும் பொது விற்பனை வரிச் சட்டத்தை 1939-இல் அவ்வாட்சி நிறைவேற்றியது. பாரத தேசத்தில் அவ்வகைச் சட்டத்துக்கு அதுவே முதல் முன்மாதிரி. அதே ஆண்டு ஜூலை 8-இல் அவருடைய கட்சியைச் சேர்ந்த வைத்தியநாதையர் ஹரிஜன அன்பர்களோடு மதுரை மீனாக்ஷியம்மன் சந்நிதிக்குள் பிரவேசித்தபோது, அதற்குச் சட்டப் பாதுகாப்பளித்தவரும் அந்த ஆசாரசீலரே. ஆலயப் பிரவேசத்தை ஒரு நாஸ்திகர் சட்டமாக்கியிருந்தால் வைதிகர்கள் இன்னும் எத்தனை ஆண்டு மல்லுக்கு நின்றிருப்பார்களோ!

மந்திரிசபை அக்டோபரில் விலகியது. யுத்த காலத்தில் கவர்னருடைய ஆலோசகர்கள் மதுவிலக்கை நிறுத்திவைத்தனர். அதன் பொருட்டே பிறந்த வரியை மட்டும் நிறுத்தவில்லை. தாய் மறைந்தபின் பிள்ளை தழைத்ததுபோல, அவ்வரியே பின்வந்த எல்லாக் கட்சி அரசாங்கங்களுக்கும் ஜீவாதாரமாயிற்று. அறநோக்கால் இயற்றப்பட்ட சீர்திருத்தத்தில் அறத்தைக் கைவிட்டு வரவை மட்டும் பேணிக்கொள்ளும் சாமர்த்தியம் கஜானாவுக்கு எப்பொழுதும் உண்டு என்பதே என் துணிபு.

அவ்வரிச் சட்டம் பிறந்து எண்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய ஆனபின், சமயப்பற்றைக் கொடியாகவே ஏந்திய வேறொரு கட்சி டில்லியில் ஆண்டபோது, 2017 ஜூலை முதல் தேதி, மாநிலங்களின் விற்பனை வரிகள் சரக்கு சேவை வரியில் கரைந்தன. முந்தைய கூட்டணி அரசு முயன்றும் முடியாததை அவர்கள் முடித்தார்கள் என்பதை எதிர்க்கட்சியாரும் ஒப்புவர். இத்திருத்தணி மலைக்கோயிலின் பிரசாதத்துக்கு அதில் விலக்குண்டு. நமக்கு அருகிலுள்ள ஆந்திர எல்லையில் லாரிகளைக் காக்கவைத்த வணிகவரிச் சாவடிகளும் அகன்றன. ஆயின் பெட்ரோலோடு மதுவும் அவ்வரிக்குப் புறம்பே நிற்கிறது: மதுவின் இடத்தை நிரப்ப வந்த வரி டில்லியோடு பங்கிடும் பொதுவாயிற்று, மதுவோ, 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசே விற்க, மாநிலம் தன்னிச்சையாக வரி விதிக்கக்கூடிய பொருள்களுள் ஒன்றாக எஞ்சியிருக்கிறது.