வாக்கைப் பெறுபவர் யார்?



தேர்தல் நெருங்கினால், "யார் வெல்வார்?" என்ற பேச்சு திண்ணைதோறும் எழுகின்றது. பணம் படைத்தவர் வெல்வார் என்பர் சிலர். உறவினர் மிகுந்தவர் வெல்வார் என்பர் வேறு சிலர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அவ்வளவுதானா என்று நாம் ஆராய வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர், வார்டு உறுப்பினர் ஆகிய பதவிகளுக்குக் கட்சிச் சின்னங்கள் இல்லை. ஆகவே, மக்கள் ஆளைப் பார்த்தே வாக்களிக்கின்றனர். வார்டில் ஒரு சில வாக்குகளே முடிவைத் தீர்மானிப்பதுண்டு; வாக்குகள் சமமானால் குலுக்கலும் நடைபெறும். கோடையில் குழாய் வற்றியபோது யார் ஓடி வந்தார், மதகு உடைந்தபோது யார் மண்வெட்டியுடன் நின்றார் என்பதை ஊர் மறப்பதில்லை. வேட்புமனு கொடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவருக்குரிய வாக்குகள் சேரத் தொடங்கிவிடுகின்றன.

உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வகுத்த குடவோலை விதிகளை அவை கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினராவோர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்பெறா. அம்முறையில் பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் இடமில்லை. அதை நாம் போற்ற வேண்டுவதில்லை. 18 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை உள்ள இக்காலத்திலும், கணக்குப் பற்றிய அவ்விதி மட்டும் நமக்கு நல்ல பாடமாகும்.

வாக்குக்குப் பணம் வாங்கியவர், பின்னர்க் கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்கக் கூசுவார். 2019ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, தலைவர் பதவியையே ஏலம் விட்டதாகச் சில ஊர்களிலிருந்து செய்திகள் வந்தன. பதவியை விலைக்கு வாங்கியவர், போட்ட முதலை எங்கிருந்து எடுப்பார்? நம் சாலையிலும் குடிநீரிலும்தானே!

ஆகையால், போட்டியிட விரும்புவோருக்கு நாம் கூறுவது இதுவே: கிராம சபைக்குத் தவறாது வாருங்கள், வரவு செலவை ஊரார் அறியச் செய்யுங்கள், உங்களுக்கு வாக்களிக்காத தெருவிலும் விளக்கு எரியச் செய்யுங்கள். வாக்களிப்போரும், கணக்குக் காட்டுபவர் யார் என்று பார்த்தே வாக்களிப்போமாக. அப்பொழுது வெற்றி வேட்பாளருக்கு மட்டுமன்றி ஊருக்கும் உரியதாகும்.