பெயரற்றோர் ஏட்டில் முன்னோரைத் தேடுதல்



நம் மாணவர்க்குப் பாட்டனார் பெயர் தெரியும். பாட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டால் பலர் விழிக்கின்றனர். இதே நிலையிலிருந்த அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் முன்னோரைக் கண்டெடுக்கும் முறையை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

அந்நாட்டு மக்கட்கணக்கில் 1850 முதல் அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. அடிமைகளுக்கோ தனி ஏடு. அதில் உடையவன் பெயர் உண்டு. அதன் கீழே வயது, பால், நிறம் போன்ற குறிப்புகளே உண்டு. 1860இல் 39 லட்சத்து 53 ஆயிரத்துக்கு மேற்பட்டோர், மிகச் சிலர் நீங்கலாக, இவ்வாறு பெயரின்றியே எண்ணப்பட்டனர். ஆடுமாடுகளின் கணக்கிற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1870ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் அவர்கள் பெயரும் குடும்பப் பெயரும் கொண்டு ஏடேறினர். அவ்வேட்டிலிருந்தே வழித்தோன்றல்கள் பின்னோக்கிச் செல்கின்றனர். ஜான்சன், வில்லியம்ஸ் போன்ற பெயராயின் திகைக்க நேரும். அருகி வழங்கும் பெயராயின் வழி தெளிவாகும். அதே வட்டாரத்தில் அப்பெயருடைய வெள்ளை நிலக்கிழார் இருந்தாரா என்று 1860 ஏட்டில் பார்ப்பர். இருந்தால் அவருடைய அடிமைப் பட்டியலைப் புரட்டுவர். 1870இல் 34 வயதுடைய பெண்ணுக்கு அங்கே 24 வயதுப் பெயரற்றவள் ஒருத்தி பொருந்துகிறாளா? பொருந்தினும் அது முழுச் சான்றாகாது. உடையவன் பெயரை எல்லோரும் சூடினாரல்லர்; முந்தைய உடையவன் பெயரையோ தாமே விரும்பிய பெயரையோ கொண்டோரும் உளர். எனவே நிலக்கிழாரின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் தேடுவர். சொத்தாக எழுதிய தாளிலேதான் பாட்டியின் பெயர் கிடைக்கிறது. இதைவிடக் கொடுமை யாது?

1976இல் 'ரூட்ஸ்' நூலை வெளியிட்ட அலெக்ஸ் ஹேலி தேடிய முர்ரே என்னும் பெயர் அருகியதன்று. ஆயினும் வடகரோலினாவின் அலமான்ஸ் மாவட்டம் என்பதும், முன்னோர் கொல்லர் என்பதும் வீட்டு மூதாட்டியர் வாய்மொழியாக அவருக்குக் கிடைத்திருந்தன. 1870 ஏட்டில் கொல்லர் டாம் முர்ரேயைக் கண்டார். தம் பாட்டியின் தமக்கை எலிசபெத்தை ஆறு வயதுச் சிறுமியாகவும் கண்டார். அந்நூலின் முற்காலப் பகுதிகளைப் பின்வந்த ஆய்வாளர் மறுத்ததுண்டு. அந்த ஏட்டுப் பதிவு நிற்கிறது.

அங்கே 72 ஆண்டு கழிந்ததும் ஏடுகளைத் திறக்கின்றனர். 1950ஆம் ஆண்டின் ஏடு 2022இல் திறக்கப்பட்டது. நம் நாட்டிலோ 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பதிவுகளைப் பார்வையிடும் உரிமை எவர்க்கும் இல்லை. நமக்குக் குடும்பப் பெயருமில்லை. தலைப்பெழுத்தோ ஒரு தலைமுறையோடு மாறிவிடுகிறது. ஆகவே பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய பட்டா, மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவேடு, இவற்றுக்கெல்லாம் முன்னதாக நம் சேரித் திண்ணைகளில் அமர்ந்திருக்கும் கிழவிமார், இவர்களே நமக்குரிய ஏடுகள். இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டில் நான்கு தலைமுறைப் பெயர்களை, பாட்டிமார் பெயரையும் விடாது, ஊரும் தொழிலும் சேர்த்து எழுதி அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவருமாறு வேண்டுகிறோம்.