இடக்கரடக்கலுக்கு அப்பால்
(பத்தாம் ஆண்டு விழா உரை)



நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நகர்ப்புறக் கழிப்பறை. அழைப்பிதழில் இதை எப்படி அச்சிடுவது என்று நண்பர் ஒருவர் தயங்கினார். அத்தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பவணந்தியார் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக இடக்கரடக்கலை வைத்தார். 'கால் கழுவி வந்தான்' என்னும் எடுத்துக்காட்டைச் சொல்லியே ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அவையில் சொல்லத் தகாததை மறைப்பது நாகரிகந்தான். ஆனால் ஒதுங்க மறைவிடமே இல்லாத பெண்ணுக்குச் சொல்லை மட்டும் மறைத்துக் கொடுப்பதால் யாருக்கு நன்மை? அவள் கேட்டால் தரவேண்டியவர்களுக்குத்தான்.

பட்டா இல்லாத நிலத்தில் குழாயும் சாக்கடையும் அமைத்தால் குடியிருப்பை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று நகராட்சிகள் அஞ்சின. ஆகவே கழிப்பறை என்பது 'நீ இங்கே வாழலாம்' என்னும் ஒப்புதல். உரிமையாகக் கேட்டபோது மறுக்கப்பட்டது. தேர்தல் நெருங்குகையில் சலுகையாக வந்தது. திறந்து வைத்தவர் பெயர் கல்லில் இருக்கும். உள்ளே தண்ணீர் இராது.

மும்பையில் இதை வாய்விட்டுப் பேசியவர்கள் நடைபாதைவாழ் பெண்கள். 1986இல் அவர்கள் அமைத்த மகிளா மிலன், கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் வழிநடத்திய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து கழிப்பறைத் திருவிழாக்களையே நடத்தின. மாதிரிக் கழிப்பறைகளை நிறுத்தி, அதிகாரிகளை அழைத்துக் காட்டினார்கள். திருவிழா என்னும் சொல்லை இதற்கு எடுத்தாளக் கவிஞருக்கும் துணிவு வேண்டும்!

1999இல் புணே மாநகராட்சி, ஆணையர் ரத்னாகர் கைக்வாட் காலத்தில், குடிசைப் பகுதிகளில் கழிப்பறை கட்டவும் பராமரிக்கவும் தொண்டு நிறுவனங்களை அழைத்தது. இப்பெண்கள் வடிவமைப்பில் பங்கேற்றனர்; சிலர் ஒப்பந்தக்காரராகவும் ஆயினர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. காவலர் குடும்பத்துக்கு அங்கேயே அறை. குழந்தைகளுக்குத் தனியிடம் அமைத்ததைத்தான் நான் பலமுறை எண்ணிப் பார்ப்பதுண்டு. வரிசையில் பெரியவர்கள் குழந்தையைத் தள்ளிவிட்டுப் போவார்கள். இருட்டில் குழிக்குள் விழுந்துவிடுவோமோ என்று அது அஞ்சும். ஆகவே வெளிச்சமான இடம், சிறிய துளை, பற்றிக்கொள்ளக் கைப்பிடி. வரிசையில் காத்துநின்ற தாய்க்கே இது தோன்றும்.

மாதக் கட்டணம் குறித்து எனக்கு உடன்பாடில்லை. மாடிவீட்டாருக்குப் பாதாளச் சாக்கடை பொதுப்பணத்தில் வருகிறது. குடிசைவாசி மட்டும் அட்டை வாங்கவேண்டும். கட்டணமில்லாவிட்டால் பராமரிப்பு நடக்காது என்பார்கள். பராமரிப்பு யார் கடமை என்பதுதானே வழக்கு?

ஒன்று சொல்லி அமர்கிறேன். 'கக்கூஸ்' டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல். அடுத்த கவியரங்கில் அது ஒரு கவிதையில் வந்தால், தொகுப்பாசிரியர் அதனைத் திருத்தாமல் அச்சிட வேண்டுகிறேன்.