போனில் பாடம், பக்கத்தில் ஒரு ஆள்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற நாங்கள் இன்று மனச்சுகத்தைப் பற்றிப் பேசுகிறோம். காய்ச்சல் என்றால் மருந்தெடுக்கப் போகிறோம். மனசு விழுந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. 'பைத்தியம்' என்று லயன் முழுக்கப் பேசுவார்களே என்ற பயம். இரவு நித்திரை இல்லை. காலையில் மலைக்குப் போனால் கை ஓடுவதில்லை. கிலோ குறைகிறது, அரைப்பேர் விழுகிறது, கவலை இன்னும் கூடுகிறது.

மனச்சுகத்துக்கு இப்போது போனிலேயே பாடநெறிகள் இருக்கின்றன. அதனால் பலன் உண்டா என்று சிலர் கேட்டீர்கள். உண்டு. எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

லெபனான் நாட்டில் உலக சுகாதார நிறுவனமும் அங்குள்ள சுகாதார அமைச்சும் சேர்ந்து ஐந்து பாடங்கள் கொண்ட ஒரு பாடநெறியை நடத்தின. அந்நாட்டு மக்களும், சிரியாவில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் படித்தார்கள். மனச்சோர்வில் இருந்து மீண்ட ஒருவரின் கதையாகப் பாடம் போகும். வாரத்துக்கு ஒருமுறை, கால் மணித்தியாலம் அளவில், ஒருவர் தொடர்புகொண்டு விசாரிப்பார். அவர் டொக்டர் அல்ல, அதற்குப் பயிற்சி பெற்றவர். படித்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்ததாக 2022இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பாதியில் விட்டவர்களும் நிறையப்பேர்.

அதில் சொல்லிக்கொடுப்பது பெரிய வித்தை அல்ல. மனசு சோர்ந்தால் கோயிலுக்குப் போகமாட்டோம், மரக்கறிப் பாத்தியைப் பார்க்கமாட்டோம், அக்கா தங்கையோடு பேசமாட்டோம். எல்லாவற்றையும் விட விட சோர்வு இன்னும் கூடும். 'மனசு சரியானதும் செய்வேன்' என்று காத்திராமல், சின்ன வேலை ஒன்றை நாள் குறித்துச் செய்யச் சொல்கிறது பாடம். பதற்றம் வந்தால் மெதுவாக மூச்சு விடவும் பழக்குகிறது.

தனியே படிப்பதைவிட, விசாரிக்க ஒருவர் இருந்தால் பலன் கூட. ஆகவே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து படியுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு மகள் வாசித்துக் காட்டட்டும். லயனில் சிக்னல் இல்லையென்றால் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தக் கிழமை எப்படி?' என்று ஒருவரையொருவர் கேளுங்கள். கேட்டதை வெளியில் சொல்லாதீர்கள். ஒரு தரம் ரகசியம் வெளியே போனால், பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

காசு கேட்கும், அடையாள அட்டை இலக்கமோ வங்கி விபரமோ கேட்கும் பாடநெறியை மூடிவிடுங்கள். சுகாதார அமைச்சு, உலக சுகாதார நிறுவனம் போன்ற இடங்களில் இருந்து வருவதைத் தேடுங்கள். டொக்டர் தந்த குளிசையைப் பாடத்தை நம்பி நிறுத்த வேண்டாம்.

உயிரை விடலாம் என்ற நினைப்பு யாருக்காவது வந்தால் அது போன் பாடத்தோடு தீரும் விஷயம் அல்ல. அவரைத் தனியே விடாதீர்கள். கொழுந்து மருந்து, களை மருந்து எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எடுப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அங்கு வைத்தியம் இலவசம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். ஒழுகும் கூரையையும் போதாத சம்பளத்தையும் மூச்சுப் பயிற்சி சரிசெய்யாது. அதற்குச் சங்கம் போராடும். போராட ஆட்கள் சுகமாக இருக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போகும் வழியில், கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருவரின் வாசலில் நின்று, 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டுவிட்டுப் போங்கள்.