எல்லை தாண்டும் ட்றாம்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாசலைப் பற்றி ஏதாவது கதையுங்கோ என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் ஏ.எல். உடன் படிப்பை விட்டவன். ஆனால் என்னோடு மெசினில் நிற்கிற ஒருவர் பிரான்சிலிருந்து வருகிறார், மற்றவர் ஜேர்மனியிலிருந்து. வேலை முடிய ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விடுவார்கள். இது எப்படி வந்ததென்று தேடிப் பார்த்தேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், 1946 இல், பாசலுக்கான விமான நிலையத்தைப் பிரான்ஸ் நிலத்தில் திறந்தார்கள். நிலம் அவர்களுடையது, கட்டின காசு சுவிசுடையது. ஒப்பந்தம் எழுதினது 1949 இல்தான். முதலில் வேலை, பிறகு கடதாசி! எங்கட ஆக்கள் என்றால் கடதாசிக்கே பத்து வருடம் சண்டை பிடித்திருப்போம்.

1963 இல் பாசலில் ‘றீஜியோ பசிலியென்சிஸ்’ என்றொரு சங்கம் தொடங்கினார்கள். மூன்று அரசாங்கங்களும் பொன் நகரில் கையெழுத்து வைக்க 1975 ஆகிவிட்டது. 1986 கார்த்திகை 1ஆம் திகதி சாண்டோஸ் களஞ்சியம் எரிந்து நஞ்சு றைன் நதியில் கலந்தது. தண்ணீர் சிவப்பாக ஓடியது, மீன்கள் செத்து மிதந்தன. ஒல்லாந்து வரை சனம் பயந்தது. 1990 இல் ஐரோப்பிய சமூகம் ‘இன்டர்றெக்’ திட்டத்தைத் தொடங்கி எல்லைப் பிரதேசங்களுக்குக் காசு கொடுத்தது. சுவிஸ் அங்கத்துவ நாடல்ல, ஆனாலும் தன் பங்கைத் தானே போட்டுச் சேர்ந்தது.

2014 மார்கழியில் எட்டாம் இலக்க ட்றாம் ஜேர்மனியின் வைல் அம் றைன் வரை ஓடத் தொடங்கியது. அப்போது என் கையில் ‘என்’ அட்டை. எல்லைக்கு முதல் தரிப்பில் நான் இறங்கிவிடுவேன், வெள்ளைக்காரர் சாமான் வாங்க அப்பால் போவார்கள். ட்றாமுக்குத் திறந்த எல்லை அகதிக்குத் திறக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேணும்.

எங்கட கடலை நினையுங்கோ. தலைமன்னார், தனுஷ்கோடிக் கப்பல் 1914 இல் தொடங்கியது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடினதும் யுத்தத்தோடு நின்றது. 2023 ஐப்பசியில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது, சந்தோசம். ஆனால் இழுவைப்படகில் அகப்பட்டு மன்னாரில் என் மாமாவின் வலை போனது. எங்கே போய் முறையிடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. 2014 தையில் இரு கரை மீனவரும் சென்னையில் இருந்து கதைத்தார்கள்தான். ஒரு நாள் கூட்டம் காணாது. இங்கே இருப்பதுபோல நிரந்தரமாக ஒரு அலுவலகம், அதற்கு ஆள், இரு கரையும் அடிக்கடி சந்திக்க ஒரு இடம் வேணும்.

மீனவர் சங்கங்களுக்குக் கடிதம் எழுத யோசித்திருக்கிறோம். மன்னார், பேசாலை, நெடுந்தீவு ஆக்கள் போகும்போது வாசலில் என்னிடம் பெயரைத் தந்துவிட்டுப் போங்கோ.