வாடை நின்ற இடம்

போன ஞாயிறு மாதனூர்ல, எங்க தெருவுல பத்தாவது படிக்கிற ஒன்பது பசங்களுக்குப் புதுமைப்பித்தனோட ‘காஞ்சனை’யை வாசிச்சுக் காட்டினேன். 1943-ல வந்த கதை. ராத்திரி வீட்டுக்குள்ள திடீர்னு ஒரு துர்நாற்றம். கொஞ்ச நேரத்துல அது போய் நறுமணம். வேலைக்கு வந்த காஞ்சனை பேயா, கதை சொல்றவரோட பிரமையா? புதுமைப்பித்தன் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டார்.

நான் கோடு எழுதுற ஆள். பக் எங்கன்னு கண்டுபிடிச்சே ஆகணும். ரெண்டு விளக்கத்தையும் போர்டுல முன்னாடியே எழுதி வச்சிருந்தேன்.

நாற்றம் வர்ற இடத்துல நிறுத்தி, “பயமா இருக்கா?”ன்னு கேட்டேன். யாரும் அசையல. தோல் ஷாப் வாடையிலேயே வளர்ந்த பசங்க, வேறென்ன!

அடுத்து, நாற்றம் போற இடம். ஒரு பொண்ணு மட்டும் “ஐயோ”ன்னா. ஏன்னு கேட்டேன்.

“வாடை வந்தா என்ன அண்ணா, ஷாப் ஓடுதுன்னு அர்த்தம். நின்னாத்தான் பயம். அப்பா வேலையில்லாம வீட்ல இருப்பாரு.”

பாலாறு மாசு வழக்குல, கழிவுநீர் சுத்திகரிப்பு வசதி இல்லாத ஷாப்களை மூடச் சொல்லி 1996-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தப்ப இவங்க பொறக்கவே இல்ல. அந்தப் பயம் மட்டும் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு.

போர்டை அழிச்சிட்டு மீதியைப் படிச்சேன். காஞ்சனை பேயா இல்லையான்னு யாரும் கேக்கவே இல்ல.